டியூ டேட் ஏன் மாறுது? ஸ்கேன் மெஷினுக்குள் இருக்கும் கணக்கு

வீட்டில் அக்காவோ அண்ணியோ கர்ப்பமாக இருந்தால், அந்த ஸ்கேன் ரிப்போர்ட் எப்படியும் ஒருநாள் நம்ம கைக்கு வந்துவிடும். "நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு" என்று நீட்டுவார்கள். வாங்கிப் பார்த்தால் பிரசவத் தேதி ஒன்றுக்கு இரண்டாக இருக்கும். கடைசி மாதவிடாய்த் தேதியை, அதாவது எல்எம்பியை வைத்து ஒன்று. அல்ட்ராசவுண்ட் அளவை வைத்து ஒன்று. ஐந்தாம் மாத ஸ்கேனில் மூன்றாவதாக ஒரு தேதி வரும். எட்டாம் மாதத்தில் நான்காவது. இதில் எதைத்தான் நம்புவது?

"கடைசியா எடுத்த ஸ்கேன்தான் சரியா இருக்கும். குழந்தை இப்ப பெருசாயிடுச்சு, எல்லாம் தெளிவா தெரியுதுல்ல" என்பதுதான் பெரும்பாலும் வீட்டில் கிடைக்கும் பதில். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை தலைகீழ். படம் மங்கலாக, கரு ஒரு முந்திரிப்பருப்பு அளவுக்கு இருந்தபோது எடுத்த அந்த முதல் ஸ்கேன்தான் தேதி விஷயத்தில் ராஜா. இது மருத்துவர்கள் வைத்துக்கொண்ட வழக்கம் மட்டும் இல்லை. இதன் பின்னால் நாம் முதலாம் ஆண்டு லேபிலேயே படித்த பிழைக் கணக்கு இருக்கிறது. அதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

பத்து மாசமா, ஒன்பது மாசமா?

நம்ம ஊரில் "பத்து மாசம் சுமந்து பெத்தவ" என்போம். ஆங்கிலப் படங்களில் ஒன்பது மாதம் என்பார்கள். இரண்டும் ஒரே கணக்குதான். கர்ப்ப காலம் சராசரியாக 280 நாள், அதாவது 40 வாரம். 28 நாளை ஒரு மாதமாக எடுத்தால் சரியாகப் பத்து மாதம். காலண்டர் மாதமாக எடுத்தால் ஒன்பது மாதமும் ஒரு வாரமும்.

இந்த 280 நாள் கரு உருவான நாளில் இருந்து எண்ணப்படுவதில்லை. கடைசி மாதவிடாய் தொடங்கிய முதல் நாளில் இருந்து எண்ணப்படுகிறது. காரணம் எளிது: கரு உருவான நாள் யாருக்கும் தெரியாது, மாதவிடாய் வந்த நாள் தெரியும். அதனால்தான் "நாள் தள்ளிப்போச்சு" என்று டெஸ்ட் எடுத்துப் பார்க்கும்போதே "நாலு வாரம்" என்கிறார்கள். அந்த நாலில் முதல் இரண்டு வாரம் கருவே கிடையாது!

கணக்கு போடும் முறைக்கு நேகலே விதி என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைடெல்பெர்கில் இருந்த மகப்பேறு மருத்துவர் ஃபிரான்ஸ் நேகலே பெயரில் வழங்குகிறது. கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு ஏழு நாள் கூட்டு, மூன்று மாதம் கழி, வருடத்தை ஒன்று ஏற்று. அவ்ளோதான். ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. கால்குலேட்டர்கூட வேண்டாம். அதனால்தான் இருநூறு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் அந்த விதிக்குள் இரண்டு அனுமானங்கள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று, சுழற்சி 28 நாள், கருமுட்டை 14ஆம் நாள் வெளிவருகிறது. இரண்டு, தேதி சரியாக ஞாபகம் இருக்கிறது.

முதல் அனுமானம் பலருக்குப் பொருந்தாது. முட்டை வெளிவந்த பிறகு அடுத்த மாதவிடாய் வரை உள்ள காலம் பெரும்பாலும் 14 நாளை ஒட்டியே இருக்கும். அதற்கு முன்னால் உள்ள காலம்தான் நீண்டு சுருங்கும். 40 நாள் சுழற்சி உள்ளவருக்கு முட்டை கிட்டத்தட்ட 26ஆம் நாளில் வெளிவரும். நேகலே விதி அங்கே 12 நாள் பிசகும். பிசிஓஎஸ் இருப்பவர்கள், கருத்தடை மாத்திரையை அப்போதுதான் நிறுத்தியவர்கள், முதல் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் எல்லோருக்கும் இதே சிக்கல். சிலருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் வரும் லேசான ரத்தக்கசிவை மாதவிடாய் என்று நினைத்துவிட்டால் கணக்கு சில வாரங்களே தள்ளிப்போகும்.

இரண்டாவதும் லேசுப்பட்டது இல்லை. யார் தேதி எழுதி வைக்கிறார்கள்? "பொங்கலுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டுக் கேட்டுத்தான் செவிலியர்கள் ஒரு தேதியைப் பிடிக்கிறார்கள். சரியாக ஞாபகம் இல்லாதவர்கள் 5, 10, 15 என்று முழுமையான எண்ணையே சொல்வது உலகம் முழுக்கக் கவனிக்கப்பட்ட பழக்கம். அளவுகோலில் முள் இரண்டு கோட்டுக்கு நடுவில் நின்றால் நாமும் பக்கத்துக் கோட்டைத்தானே எழுதுகிறோம்?

இரும்பில் விரிசல் தேடிய கருவி

மெக்கானிக்கல்காரர்கள் இந்தப் பகுதியைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு படிக்கலாம். வயிற்றுக்குள் பார்க்கும் ஸ்கேன், உங்கள் வெல்டிங் பரிசோதனைக் கருவியின் தம்பி.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் இயன் டொனால்ட். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தவர் என்பதால் ரேடார், சோனார் சமாச்சாரங்கள் அவருக்குப் பழக்கம். உலோகத்தில் விரிசலைக் கண்டுபிடிக்கும் அல்ட்ராசவுண்ட் கருவியால் உடம்புக்குள்ளும் பார்க்க முடியுமா என்ற கேள்வி அவருக்கு வந்தது. 1955இல், அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளைக் காரில் போட்டுக்கொண்டு ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் பாய்லர் தொழிற்சாலைக்கே போய்விட்டார். ஒப்பிட்டுப் பார்க்க அங்கே ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் இருந்தது. திரவம் நிறைந்த கட்டிக்கும் கெட்டியான கட்டிக்கும் எதிரொலி வேறு வேறாக வந்தது.

கெல்வின் அண்ட் ஹியூஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளர் இதைக் கேள்விப்பட்டு டொனால்டுக்குப் போன் செய்தார். அப்போது அவருக்கு இருபதுகளின் தொடக்கம், அதாவது நம்ம வயசுதான். அவர் வடிவமைத்த கருவியை வைத்து டொனால்ட், ஜான் மக்விகார், பிரவுன் மூவரும் எழுதிய கட்டுரை 1958இல் லான்செட் இதழில் வந்தது. மருத்துவ இதழில் வந்த கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் ஒரு இன்ஜினியர் பெயர். அதே கிளாஸ்கோ வட்டத்தில் ஹியூ ராபின்சன் 1973இல் செய்த வேலைதான் இன்று நம் கையில் இருக்கும் ரிப்போர்ட்டின் ஆணிவேர். அதற்குச் சற்றுப் பிறகு வருவோம்.

வேலை செய்யும் விதம் சுருக்கமாக: ப்ரோப்புக்குள் இருக்கும் பீசோ படிகத்துக்கு மின்துடிப்பு கொடுத்தால் அது அதிர்ந்து ஒலித்துடிப்பை அனுப்பும். திசுக்களின் எல்லையில் பட்டுத் திரும்பும் எதிரொலியை அதே படிகம் மின்துடிப்பாக மாற்றும். மென்திசுவில் ஒலியின் வேகம் நொடிக்கு 1540 மீட்டர் என்று மெஷின் எடுத்துக்கொள்கிறது. (உருக்கில் இது சுமார் 5900.) 6 செ.மீ. ஆழத்தில் உள்ள பொருளில் பட்டுத் திரும்ப 12 செ.மீ. பயணம், ஆகவே சுமார் 78 மைக்ரோநொடி. நேரத்தை அளந்தால் தூரம் கிடைத்துவிடும்.

ஜெல் ஏன் தடவுகிறார்கள்? ப்ரோப்புக்கும் தோலுக்கும் நடுவில் காற்று இருந்தால், ஒலி மின்மறுப்பு மாதிரியான அந்த அக்கவுஸ்டிக் இம்பீடன்ஸ் பொருந்தாமல் கிட்டத்தட்ட முழு ஒலியும் அங்கேயே திரும்பிவிடும். ஈசிஇ மக்கள் டிரான்ஸ்மிஷன் லைனை நினைத்துக்கொள்ளுங்கள், அதே கதை. "தண்ணி நிறைய குடிச்சுட்டு வாங்க" என்பதும் இதனால்தான். நிறைந்த சிறுநீர்ப்பை, காற்று உள்ள குடலை ஒதுக்கிவிட்டு ஒலி போவதற்கு ஒரு ஜன்னலைத் திறந்து கொடுக்கிறது.

5 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 0.3 மி.மீ. துடிப்பில் மூன்று அலைகள் இருந்தால் அதன் நீளம் 0.9 மி.மீ. ஆழத் திசையில் அதில் பாதி, அதாவது அரை மி.மீ. தள்ளி உள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடியும். பக்கவாட்டில் இவ்வளவு கூர்மை இருக்காது. அது ஒலிக்கற்றையின் அகலத்தைப் பொறுத்தது, ஒன்றிரண்டு மி.மீ. ஆகலாம். இந்தப் பக்கவாட்டு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கரு பெரும்பாலும் படுத்த நிலையில்தான் படத்தில் வரும். அதன் நீளத்தை அளப்பது பக்கவாட்டுத் திசையில்தான்.

ஸ்கேல் எப்படிக் கடிகாரம் ஆகிறது?

மெஷின் அளப்பது மில்லிமீட்டரை. நமக்கு வேண்டியது நாளை. மில்லிமீட்டரை நாளாக மாற்ற, எல்லாக் கருவும் ஒரே வேகத்தில் வளர வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் உயரத்தைப் பார்த்து பிறந்த தேதியைச் சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இது கிட்டத்தட்ட முடிகிறது. அப்போது வளர்ச்சியை நடத்துவது கருவின் உள்ளேயே எழுதப்பட்ட அட்டவணை. அம்மா உயரமா குள்ளமா, சத்து எப்படி, நஞ்சுக்கொடி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதெல்லாம் அளவில் பெரிதாகத் தெரிய ஆரம்பிப்பது அதற்குப் பிறகுதான்.

அளப்பது சிஆர்எல் எனப்படும் நீளம்: தலை உச்சியில் இருந்து பிட்டம் வரை நேர்கோடு. கால் சேராது. கருவின் நடுவாக வெட்டிய பக்கத்தோற்றம் வேண்டும், படத்தைப் பெரிதாக்கி இருக்க வேண்டும், தாடை நெஞ்சில் ஒட்டாமலும் தலை பின்னால் சாயாமலும் இயல்பாக இருக்க வேண்டும். சுருண்டிருக்கும்போது அளந்தால் நீளம் குறையும், வயசும் குறைந்துவிடும். அதனால்தான் ஸ்கேன் எடுப்பவர் சில நேரம் "கொஞ்சம் நடந்துட்டு வாங்கம்மா" என்று அனுப்புகிறார். மூன்று தடவை அளந்து சராசரி எடுப்பது நல்ல முறை.

ராபின்சன், சுழற்சி ஒழுங்காக இருந்து தேதியும் உறுதியாகத் தெரிந்த பெண்களிடம் இந்த நீளத்தை அளந்து ஒரு வளைகோடு போட்டார். 1975இல் ஃப்ளெமிங்குடன் சேர்ந்து வெளியிட்ட சூத்திரம் இது:

நாட்கள் = 8.052 × √(1.037 × நீளம்) + 23.73

நீளம் மி.மீ.இல். கிடைக்கும் நாட்கள் கடைசி மாதவிடாயில் இருந்து எண்ணியவை, ஆனால் 28 நாள் சுழற்சி உள்ள ஒரு 'மாதிரிப் பெண்ணின்' மாதவிடாயில் இருந்து. சுருக்கமாகச் சொன்னால், நம்ப முடிந்த எல்எம்பிகளை வைத்து ஸ்கேலைக் காலிபரேட் செய்து, நம்ப முடியாத எல்எம்பிகளை அந்த ஸ்கேலால் திருத்துகிறோம். பின்னாளில் ஐவிஎஃப் வந்த பிறகு கரு உருவான நாளே துல்லியமாகத் தெரிந்த கர்ப்பங்கள் கிடைத்தன. ஐவிஎஃப் குழந்தைக்கு ஸ்கேனால் தேதி போடவே தேவையில்லை; ஐந்தாம் நாள் கருவை உள்ளே வைத்த தேதியோடு 261 நாள் கூட்டினால் முடிந்தது.

இதே வேலைக்கு ஹாட்லாக் போட்ட வேறொரு சூத்திரமும் உண்டு. மெஷின் மெனுவில் எது வேண்டுமோ தேர்ந்தெடுக்கலாம். 60 மி.மீ.க்கு ராபின்சன் 87.2 நாள் என்கிறது, ஹாட்லாக் 87.4 என்கிறது. சண்டை போட ஒன்றும் இல்லை.

பிழை எங்கே குறைவு?

சூத்திரத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் 8 வாரத்தில் கரு 15.5 மி.மீ., 9 வாரத்தில் 23 மி.மீ., 12 வாரத்தில் 54, 13 வாரத்தில் 67. அதாவது 8 வாரத்தில் ஒரு நாளைக்கு ஒரு மி.மீ., 12 வாரத்துக்கு மேல் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட இரண்டு மி.மீ. அசுர வேகம்!

இப்போது டிஃபரன்ஷியேட் செய்து பார்ப்போம், எம்-1 வீண் போகக் கூடாது. அளப்பதில் ஒரு மி.மீ. தவறு நடந்தால் வயசில் எத்தனை நாள் பிசகும்? 5 மி.மீ. கருவில் 1.8 நாள். 10 மி.மீ.யில் 1.3 நாள். 60 மி.மீ.யில் அரை நாள். ஆக மிகச் சின்னக் கருவில் கருவியின் பிழை பெரிதாகத் தெரிகிறது. ஆறாம் வாரம் ஓடிப்போய் ஸ்கேன் எடுத்தால் சில நேரம் பை மட்டும் தெரியும், கருவே தெரியாது. பையின் அளவை வைத்துத் தேதி போடுவதில்லை.

அப்படியென்றால் குழந்தை பெரிதாகப் பெரிதாகப் பிழை குறைந்துகொண்டே போக வேண்டுமே? கருவியின் பிழையைப் பொறுத்தவரை கொஞ்ச தூரம் அப்படித்தான். ஆனால் எதிர்ப்பக்கத்தில் இருந்து இன்னொரு பிழை ஏறி வருகிறது. குழந்தைக்குக் குழந்தை உள்ள இயற்கையான வித்தியாசம். சிஆர்எல் 84 மி.மீ.யைத் தாண்டினால் குழந்தை வளைந்து நெளிய ஆரம்பித்துவிடும், நேர்கோடு கிடைக்காது. அதன்பின் தலையின் அகலம், தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பு என்று பலவற்றை அளந்து கலந்து கணக்குப் போடுவார்கள். கடைசி மாதங்களில் தலையின் அகலம் வாரத்துக்கே சுமார் 2 மி.மீ.தான் கூடுகிறது. ஒரே வயசுக் குழந்தைகளுக்கு நடுவில் உள்ள வித்தியாசமோ பல மி.மீ. சிக்னல் சுருங்கிவிட்டது, நாய்ஸ் ஏறிவிட்டது. எவ்வளவு விலை உயர்ந்த மெஷின் வாங்கினாலும் இந்த நாய்ஸ் குறையாது, ஏனென்றால் அது மெஷினில் இல்லை.

எண்ணாகச் சொன்னால்: 14 வாரத்துக்கு முன் சிஆர்எல் தரும் தேதி கூடக்குறைய 5 முதல் 7 நாளுக்குள் நிற்கும். 28 வாரத்துக்குப் பிறகு எடுத்த ஸ்கேன் தரும் தேதியோ கூடக்குறைய 21 முதல் 30 நாள். ஒரு மாதம்! அந்தத் துல்லியத்துக்கு ஸ்கேனே வேண்டாம், பாட்டி வயிற்றைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

கற்பனையான ஒரு அக்கா. 2025 ஜனவரி 10 கடைசி மாதவிடாய். சுழற்சி சில மாதம் 30 நாள், சில மாதம் 40 நாள். நேகலே விதிப்படி டியூ டேட் அக்டோபர் 17. மார்ச் 28 அன்று முதல் ஸ்கேன். எல்எம்பி படி அன்று 77 நாள், சரியாக 11 வாரம். சிஆர்எல் 42 மி.மீ. இருக்க வேண்டும். ஆனால் அளந்தால் 25 மி.மீ.

சூத்திரத்தில் போட்டால் 64.7, அதாவது 65 நாள். 9 வாரம் 2 நாள். வித்தியாசம் 12 நாள். இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது, குழந்தை நலம். "குழந்தை வளரலையோ" என்று பயப்பட ஒன்றும் இல்லை. முட்டை தாமதமாக வந்திருக்கிறது, அவ்வளவே. 280இல் 65 போக 215 நாள். மார்ச் 28இல் இருந்து 215 நாள் என்றால் அக்டோபர் 29.

எப்போது தேதியை மாற்ற வேண்டும் என்பதற்கு அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பான ஏகாக் 2017இல் தெளிவான எல்லை கொடுத்திருக்கிறது. 9 வாரத்துக்கு முன் என்றால் இரண்டு தேதிக்கும் 5 நாளுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஸ்கேன் தேதிக்கு மாறு. 9 முதல் 14 வாரத்துக்குள் 7 நாளுக்கு மேல். 22 முதல் 28 வாரத்துக்குள் 14 நாளுக்கு மேல். 28 வாரம் தாண்டினால் 21 நாளுக்கு மேல். எல்லைக்குள் இருந்தால் எல்எம்பி தேதியே இருக்கட்டும். கவனியுங்கள், குழந்தை வளர வளர எல்லை அகலமாகிறது. நாம் மேலே பார்த்த பிழைதான் விதியாக மாறி நிற்கிறது. நம்ம அக்காவுக்கு 12 நாள், ஏழைத் தாண்டிவிட்டது. ஆக இனி அக்டோபர் 29தான். (முடிவு செய்ய வேண்டியது அவருடைய மருத்துவர். நாம் கணக்கைப் புரிந்துகொள்வதோடு சரி.)

பன்னிரண்டு நாளில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். பழைய தேதியையே வைத்திருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 37 வாரம் முடிந்தால் குழந்தை முழு மாதக் குழந்தை. பழைய கணக்கில் அது செப்டம்பர் 26. அன்று குழந்தையின் உண்மையான வயசு 35 வாரம் 2 நாள். ஏதோ காரணத்துக்காக சிசேரியன் என்று முடிவாகி, வீட்டில் "அக்டோபர் 3 நல்ல நாளா இருக்கு, ஜோசியர் நேரமும் குறிச்சுக் கொடுத்துட்டார், 38 வாரம் ஆயிடுதுல்ல" என்று சொன்னால், ஆபரேஷன் டேபிளில் பிறப்பது 36 வாரம் 2 நாள் குழந்தை. குறைமாதம். மூச்சுத் திணறல், பால் குடிக்கச் சிரமம், மஞ்சள் காமாலை, உடல் சூடு நிற்காமை என்று எல்லாவற்றுக்கும் வாய்ப்பு அதிகம். யாரும் அவசரப்படவில்லை, எல்லாரும் வாரத்தை எண்ணித்தான் செய்தார்கள். எண்ண ஆரம்பித்த புள்ளிதான் தப்பு.

இதேபோல, 34 வாரத்துக்குள் பிரசவம் ஆகிவிடும் போலிருந்தால் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். தேதி தாண்டிவிட்டது என்றால் வலி வர மருந்து கொடுப்பார்கள். எல்லா முடிவும் வாரத்தின் மேல்தான் நிற்கிறது. இந்த 12 நாள் பிழையில் நம்ம அக்காவுக்கு 41 வாரம் ஆகிவிட்டது என்று வலி மருந்து ஏற்றினால் உண்மையில் அது 39 வாரம் 2 நாள்தான்.

கடைசி ஸ்கேனை ஏன் நம்பக்கூடாது?

தேதிக் குழப்பத்தில் ஆபத்தான பக்கம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். எல்எம்பி தெரியாது, முதல் ஸ்கேன் எடுக்கவில்லை, முதன்முதலாக எட்டாம் மாதத்தில் வருகிறார் ஒருவர். அளந்தால் 29 வாரக் குழந்தையின் அளவு. இதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். 29 வாரமான ஆரோக்கியமான குழந்தை. அல்லது, 32 வாரம் ஆகியும் நஞ்சுக்கொடி சரியாக ஊட்டாததால் வளர்ச்சி குன்றிய குழந்தை. முதலாவது என்றால் வீட்டுக்கு அனுப்பலாம். இரண்டாவது என்றால் அடிக்கடி கண்காணிக்க வேண்டும், தேவைப்பட்டால் முன்னதாகவே பிரசவம் பார்க்க வேண்டும்.

ஒரே அளவில் இருந்து வயசையும் வளர்ச்சியையும் சேர்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு சமன்பாடு, இரண்டு மாறிகள். தீர்வு கிடையாது. இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி அளந்து, எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் வழி. முதல் ஸ்கேன் இருந்திருந்தால் வயசு என்ற மாறி அன்றே பூட்டப்பட்டிருக்கும். பிந்தைய ஸ்கேன் ஒவ்வொன்றும் வளர்ச்சியை மட்டும் சொல்லியிருக்கும்.

இதனால்தான் ஒருமுறை முதல் ஸ்கேனில் தேதி முடிவான பிறகு அதை மாற்றக் கூடாது. எட்டாம் மாத ரிப்போர்ட்டில் மெஷின் அச்சடிக்கும் தேதி, "இந்த அளவுள்ள சராசரிக் குழந்தை எப்போது பிறக்கும்" என்ற கணக்கு மட்டுமே. அந்தத் தேதிக்கு மாறினால் சிறிய குழந்தை தானாகவே 'வயசு குறைந்த' குழந்தை ஆகிவிடும், குறையும் மறைந்துவிடும். சென்சார் காட்டுவதற்கு ஏற்ப ரெஃபரன்ஸை நகர்த்தினால் எரர் எப்போதும் பூஜ்யம்தானே? கன்ட்ரோல் சிஸ்டம் படித்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். 22 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன்கூட இல்லாத கர்ப்பத்தை, தேதி உறுதியாகாத கர்ப்பம் என்றே ஏகாக் வகைப்படுத்துகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2016இல் கொடுத்த வழிகாட்டுதலில் 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேனாவது வேண்டும் என்கிறது. நம் தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்வதும் நல்லதாகப் போயிற்று. பதிவுக்காக வருபவர் முதல் ஸ்கேனுக்கும் சரியான நேரத்தில் வந்துவிடுகிறார். ஊருக்குப் போகும்போது வீட்டில் சொல்ல ஒன்றே ஒன்று போதும்: அந்த முதல் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள், ஒவ்வொரு தடவையும் கையோடு எடுத்துப் போங்கள். படம் போனாலும் சிஆர்எல் எண்ணும் ஸ்கேன் எடுத்த தேதியும் இருந்தால் கணக்கைத் திரும்பப் போட்டுவிடலாம்.

இரண்டு சின்ன சந்தேகங்கள் எப்போதும் வரும். ஸ்கேன் கதிர்வீச்சா? இல்லை, இது ஒலி; எக்ஸ்ரே மாதிரி அயனியாக்கும் கதிர் கிடையாது. ஆனாலும் தேவைக்கு மட்டும், குறைந்த சக்தியில், குறைந்த நேரம் என்பதுதான் விதி, ஆரம்ப மாதங்களில் டாப்ளரைத் தேவையின்றிப் போடுவதில்லை. ஆணா பெண்ணா சொல்வார்களா? சொல்லக் கூடாது, கேட்கவும் கூடாது. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

சென்னையில் நடக்கும் வேலை

ராபின்சன், ஹாட்லாக் வளைகோடுகள் எல்லாம் மேற்கத்தியப் பெண்களின் தரவில் இருந்து வந்தவை. முதல் மூன்று மாதத்தில் இது பெரிய பிரச்சினை இல்லை, ஏனென்றால் அப்போது வித்தியாசமே குறைவு. அதற்குப் பிறகு? ஐஐடி மெட்ராஸும் ஃபரிதாபாத்தில் உள்ள டிஎச்எஸ்டிஐ ஆய்வு நிறுவனமும் சேர்ந்து இதில் இறங்கின. குருகிராம் அரசு மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகளின் தரவை வைத்து, இரண்டாம் மூன்றாம் மூன்று மாதங்களுக்கு 'கர்பிணி-ஜிஏ2' என்ற மாதிரியை உருவாக்கி 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். தாமதமாக ஸ்கேனுக்கு வருபவர்கள் நம் நாட்டில் நிறைய என்பதால் இது உருப்படியான வேலை. டேட்டா சயின்ஸ் எலெக்டிவ் எடுத்தவர்கள், ஹவுஸ் பிரைஸ் பிரெடிக்ஷனையே எத்தனை தடவை செய்வது என்று சலித்திருந்தால், ப்ராஜெக்ட்டுக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலாம்.

பைத்தானில் ராபின்சன் சூத்திரம் மூன்று வரிதான். எழுதிவிட்டு 45, 84 என்ற இரண்டு எண்களைக் கொடுத்துப் பாருங்கள். 78.7, 98.9 என்று வரும். முழு நாளாக்கினால் 11 வாரம் 2 நாள், 14 வாரம் 1 நாள். பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதலில் முதல் ஸ்கேன் எடுக்க வேண்டிய காலம் என்று போட்டிருப்பது அச்சு அசலாக இதே இரண்டு எல்லைகள்.